தொழில்நுட்ப நியமங்களும் மனித உரிமையும்: மலையகத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். உயர்தரம் முடித்தவர்கள், கொழும்பில் கடை வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள், கூடவே இரண்டு மூன்று ஆசிரியர்கள். ஒருநாள் ஒரு தங்கச்சி தன் அம்மாவுக்காக இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். வீட்டு இலக்கம், வீதியின் பெயர் இரண்டும் கட்டாயம் என்றது படிவம். லயத்துக் காம்பராவுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, எங்கே வீதி? அரை மணி நேரம் போராடிவிட்டு, "சேர், இந்தக் கட்டத்தை யார் போட்டது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பிய கேள்விகள்தான் இவை. திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால் எழுதி வைக்கிறேன்.

மனித உரிமைக்கும் தொழில்நுட்ப நியமத்துக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் வீட்டில் பெரியவர்களின் பழைய தேசிய அடையாள அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். கடைசி எழுத்து, வாக்களிக்கத் தகுதி உள்ளவருக்கு வீ, இல்லாதவருக்கு எக்ஸ்.

ஆக, அட்டையை நீட்ட வேண்டியதே இல்லை. இலக்கத்தைச் சொன்னாலே வயது, ஆணா பெண்ணா, வாக்குரிமை உண்டா என்பது எல்லாம் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003 வரை ஒவ்வொரு சட்டமாகக் காத்திருந்த நம் மலையகச் சமூகத்துக்கு அந்தக் கடைசி எழுத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2016இல் வந்த 12 இலக்க முறையில் அந்த எழுத்து போய்விட்டது. பிறந்த நாளும் அந்த 500உம் இன்னும் இருக்கின்றன. ஓர் இலக்கத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அதுதான் நியமம். அந்த மேசையில் நம் ஆட்கள் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கட்டம் கீறும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும். கீறி முடித்த பிறகு போய்ச் சண்டை போட்டால் ஒரு தலைமுறை கழிந்துவிடும்.

நியமம் என்றால் சரியாக என்ன? யார் எழுதுகிறார்கள்?

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிலோ என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் சாக்குக்கு எவ்வளவு கழிப்பது, மழை ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதை ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தில்தான் அன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்பது நிற்கிறது. இணையத்திலும் அப்படித்தான். இரண்டு கணினிகள் எப்படிப் பேசுவது, எழுத்தை எப்படி அனுப்புவது, விலாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு எல்லாம் எழுதப்பட்ட விதிகள் உண்டு.

1986இல் தொடங்கிய ஐஈடிஎஃப் என்ற பொறியியலாளர் அமைப்பு இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளை, எழுதுகிறது. அந்த ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். இணையத்தளங்களுக்கு டபிள்யூ3சி, கைப்பேசி வலையமைப்புக்கு 3ஜிபிபி, எழுத்துகளுக்கு யூனிகோட், தளப் பெயர்களுக்கு ஐகேன், அரசுகள் கூடும் இடமாக ஐநாவின் ஐடியூ. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மேசை உண்டு என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

"நாங்கள் பொறியியலாளர்கள், அரசியல் எங்கள் வேலையில்லை" என்று அவர்கள் சொல்ல மாட்டார்களா?

சொல்கிறார்கள், இன்றைக்கும். ஆனால் அவர்களுடைய ஆவணங்களே வேறு கதை சொல்கின்றன. 1996இல் ஆர்எஃப்சி 1984, குறியாக்கத்தை, அதாவது செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் முறையை, அரசுகள் பலவீனப்படுத்தக் கேட்பதை எதிர்த்தது. 2000இல் ஆர்எஃப்சி 2804, ஒட்டுக்கேட்கும் வசதியை நெறிமுறைகளுக்குள் சேர்ப்பதைப் பரிசீலிக்க மாட்டோம் என்றது. 2013இல் அமெரிக்க உளவு அமைப்பின் மொத்தக் கண்காணிப்பைப் பற்றி, அங்கே வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்த பிறகு, அடுத்த ஆண்டு மே மாதம் ஆர்எஃப்சி 7258 வந்தது. எல்லோரையும் மொத்தமாகக் கண்காணிப்பது ஒரு தாக்குதல், அதைத் தாங்கும்படிதான் நெறிமுறைகளை வடிவமைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

2017இல் நீல்ஸ் டென் ஊவரும் கொரின் காத்தும் எழுதிய ஆர்எஃப்சி 8280 வெளியானது. ஒரு நெறிமுறையை எழுதுகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை அது அடுக்கியது. இது தனியுரிமையைப் பாதிக்குமா? தணிக்கைக்கு வழி விடுமா? ஆங்கிலம் அல்லாத எழுத்துகளுக்கு வேலை செய்யுமா? மாற்றுத்திறனாளிக்குப் பயன்படுமா? 2024இல் இந்தியரான குர்ஷாபாத் குரோவரும் டென் ஊவரும் சேர்ந்து அதை ஆர்எஃப்சி 9620 ஆகப் புதுப்பித்தார்கள். இடையில், 2020இல் ஆர்எஃப்சி 8890 வந்தது. இணையம் கடைசிப் பயனருக்காகத்தான், நலன்கள் மோதினால் பயனர் பக்கம் நில்லுங்கள் என்றது அது. வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "கடைசிப் பயனர் என்றால் நாங்கதானே?" ஆமாம், நாம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 8280உம் 9620உம் ஐஈடிஎஃப்போடு சேர்ந்து இயங்கும் ஓர் ஆய்வுக் குழுவின் ஆவணங்கள். யாரையும் கட்டுப்படுத்தாது. படிக்காமலே ஒரு நெறிமுறையை எழுதி முடித்துவிடலாம். அதனால்தான் யாராவது அந்தக் கேள்விகளைக் கூட்டத்தில் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டதால் மாறியது ஏதாவது உண்டா?

உண்டு. இணைய விலாசங்களுக்கான புதிய முறையான ஐபி பதிப்பு 6 வந்த காலத்தில், ஒரு கருவியின் இணைய விலாசத்துக்குள்ளேயே அதன் வன்பொருள் இலக்கமும் பதிந்திருக்கும். நீங்கள் ஹட்டனில் இணைந்தாலும் பதுளையில் இணைந்தாலும் விலாசத்தின் பின்பாதி மாறாது. போகிற இடமெல்லாம் உங்களை அடையாளம் கண்டுவிடலாம். அடையாள அட்டை இலக்கத்தின் கதையேதான். இதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். 2001இலேயே தற்காலிக விலாசங்களுக்கு ஒரு நியமம் எழுதப்பட்டது. 2017இல் வன்பொருள் இலக்கத்தை உள்ளே வைக்கவே வேண்டாம் என்ற பரிந்துரை வந்தது. பதினாறு வருஷம் பிடித்தது. ஆனால் இன்று உங்கள் கையில் இருக்கும் போன் அந்த மாற்றத்தின் பலனை அனுபவிக்கிறது.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஏன் சீக்கிரம் முடிந்துவிடுகிறது?

இந்தக் கேள்வியில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

ஓர் எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம் உண்டு. ஒரு பைட் என்பது 8 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். 1985 வாக்கில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் வாக்கியங்களைத் தட்டச்சில் அடித்து எண்ணிப் பார்த்து, 160 போதும் என்று கண்ட கணக்கு அது. தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டும். அதனால் 70தான். அதுவும் 70 எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். "அம்மா" நமக்கு மூன்று எழுத்து. இயந்திரத்துக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து.

போனை எடுத்து இதை அடித்துப் பாருங்கள்: "மண்சரிவு அபாயம், உடனே வெளியேறுங்கள்". நம் கணக்கில் 19 எழுத்து. இயந்திரக் கணக்கில் இடைவெளி, காற்புள்ளியோடு 35. ஒரு செய்தியின் பாதி இடம் போய்விட்டது. எந்த மலை, எந்த டிவிஷன், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று சொல்ல மீதிப் பாதிதான் இருக்கிறது. நீட்டினால் இரண்டு செய்தி, இரண்டு கட்டணம்.

29 ஒக்டோபர் 2014 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எங்கோ ஒரு கோப்பில் இருப்பது வேறு, அது உரியவர் கைக்கு, உரிய மொழியில், உரிய நேரத்தில் வந்து சேர்வது வேறு. அந்த இரண்டாவது வேலையில் நியமங்களுக்குப் பங்கு உண்டு.

இதற்கு வழியும் இருக்கிறது. 2004இல் வெளிவந்த பொது எச்சரிக்கை நெறிமுறை, அதாவது கேப், ஒரே எச்சரிக்கைக்குள் பல மொழிப் பகுதிகளை வைக்க இடம் தருகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே நொடியில் போகலாம். சுனாமிக்குப் பிறகு லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதயம் என்ற தொண்டு அமைப்பும் இதை இலங்கைக் கிராமங்களில் பரிசோதித்தும் பார்த்தன. எஸ்எம்எஸ்ஸுக்கும்கூட 3ஜிபிபி பிற்காலத்தில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு 7 பிட் எழுத்து அட்டவணைகளைச் சேர்த்தது. போனும் வலையமைப்பும் இரண்டுமே ஏற்றால்தான் அது வேலை செய்யும். பரவலாகவில்லை. நியமம் எழுதப்பட்டும், கேட்க ஆளில்லாததால் அலமாரியில் கிடக்கிறது. மழைக்காலத்தில் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

2018இல் வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் நின்றதே, அது எப்படி நடந்தது?

2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம் மக்கள்மீது வன்முறை நடந்தது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் ஏறக்குறைய ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியின் நடுவே, சுமார் 15 மணி நேரம்.

தடுக்கிற முறைகளில் முக்கியமானது டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இலக்கத்தைத் தேடித் தரும் விலாசப் புத்தகம் அது. அந்தக் கேள்வி மூடாத தபாலட்டைபோலப் போகிறது. வழியில் இருக்கும் நிறுவனம் அதைப் படிக்கலாம், பொய்ப் பதிலும் கொடுக்கலாம். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8484 அந்தக் கேள்வியை உறைக்குள் போட்டு அனுப்ப வழி செய்கிறது.

என் நினைவில் நிற்பது இன்னொன்று. 2018இல் தடை இருந்த அந்த வாரம் எங்கள் பக்கத்து லயத்துப் பையன், அம்மா குவைத்தில் வீட்டு வேலை பார்க்கிறவர், போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏறினான். வழக்கமாக அங்கே சிக்னல் இருக்கும். செய்திக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி மட்டும் நின்றது. டவர் பழுதா, ரீலோட் முடிந்ததா, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று ஒன்றும் புரியவில்லை. மூன்று நாள் ஏறி இறங்கினான். "இது சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரி வந்திருந்தால்கூடப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இணையப் பக்கங்களுக்கு அப்படி ஒரு குறியீடு உண்டு. 451 என்ற எண், 2016இல் ஆர்எஃப்சி 7725 ஆக வந்தது. யார் தடுத்தது, ஏன் தடுத்தது என்று சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. யாரும் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வெறுப்புப் பேச்சால் உயிர் போகும்போது தடுப்பது சரிதானே?

வெறுப்பைத் தடுக்கத்தான் வேண்டும். திகனவில் வீடும் கடையும் எரிந்தவர்கள் முன்னால் நின்று பேச்சுரிமை மட்டும் பேச எனக்கு மனம் வராது. ஆனால் எல்லோருடைய வாயையும் சேர்த்துக் கட்டியபோது, "நாங்கள் இங்கே ஒளிந்திருக்கிறோம்" என்று உறவினருக்குச் சொல்ல வேண்டியவர்களின் வாயும் கட்டப்பட்டது. வன்முறைக்குத் தங்கள் தளம் பயன்பட்டதற்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. சிங்களமும் தமிழும் தெரிந்த ஆட்களைப் போதுமான அளவில் முன்பே அமர்த்தியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். மனித உரிமைச் சட்டத்தில் இதற்கு அளவுகோல் உண்டு. கட்டுப்பாடு சட்டப்படி இருக்க வேண்டும், அவசியமாக இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது. இணையத்துக்கு வெளியே உள்ள உரிமைகள் இணையத்துக்குள்ளும் உண்டு என்று ஐநா மனித உரிமைப் பேரவை 2012 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது.

"என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை." குறியாக்கம் எனக்கு எதற்கு?

என் கதையைச் சொல்கிறேன். படிப்பு முடிந்த வருஷம் ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. எங்கள் லயத்துக்கு நேராகத் தபால் வராது. ஓர் இடத்துக்கு வந்து, அங்கிருந்து ஆள் கை மாறித்தான் வரும். தேர்வு முடிந்து நான்காம் நாள் என் கைக்கு வந்தது. உறை பிரிந்திருந்தது. அந்தக் கடிதத்தில் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் யாரோ படித்திருந்தார்கள், எப்போது கொடுப்பது என்பதையும் யாரோ தீர்மானித்திருந்தார்கள்.

முனைக்கு முனை குறியாக்கம் என்பது, அனுப்பியவரும் பெறுபவரும் மட்டும் பிரிக்கக்கூடிய உறை. நடுவில் எத்தனை கை மாறினாலும் சரி. திருடனும் அதைப் பயன்படுத்துவானே என்று கேட்பார்கள். பயன்படுத்துவான். அவனைப் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன. எல்லோருடைய உறையையும் பிரித்து வைத்தால் முதலில் அடி விழுவது சம்பளப் போராட்டம் பற்றிப் பேசுகிறவருக்கும், வீட்டுக்குள் அடி வாங்கும் அக்காவுக்கும்தான்.

பெயர், விலாசக் கட்டங்களுக்கு என்ன செய்வது?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர், பிறகு நம் பெயர். "கடைசிப் பெயர்" என்று கேட்டால் ஓரிடத்தில் அப்பா பெயரைப் போடுகிறோம், இன்னோர் இடத்தில் நம் பெயரைப் போடுகிறோம். பிறகு இரண்டு ஆவணமும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்து, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்க ஒருநாள் சம்பளம் போகிறது. பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் போதும் என்று டபிள்யூ3சி தன் வழிகாட்டலில் சொல்லியே இருக்கிறது. விலாசத்துக்கும் அப்படியே, வீதிக் கட்டத்தைக் கட்டாயமாக்காமல் விட்டால் போதும். ஒரு வரி மாற்றம். படிவம் செய்தவரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டிஜிட்டல் அடையாள அட்டை வரப் போகிறதாமே?

இந்திய நிதியுதவியோடு, பெங்களூரில் உருவான மோசிப் என்ற திறந்த மூல, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, மென்பொருள் தளத்தை வைத்து அதைத் திட்டமிடுகிறார்கள். அட்டை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அட்டை இல்லாமல் நம் ஆட்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்க வேண்டும்.

முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவின் விரலைப் பார்த்திருப்பீர்கள். சுட்டு விரலும் பெருவிரலும் கறுத்து, வெடித்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். இயந்திரம் அந்த விரலைப் படிக்க மறுத்தால் மாற்று வழி என்ன? கருவிழியா, ஒரு முறை வரும் கடவுச்சொல்லா, அதிகாரியின் கையொப்பமா? மறுக்கப்பட்டவர் அன்றைக்கே, அதே இடத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு போக முடியுமா? எந்த அலுவலகம் எந்தத் தரவைப் பார்த்தது என்பதை அட்டைக்காரர் தமிழில் பார்க்க முடியுமா? இவற்றுக்கு வடிவமைப்பில் பதில் இல்லையென்றால், பின்னால் சுற்றறிக்கை போட்டுச் சரிசெய்ய முடியாது.

தமிழில் தளப் பெயர் வாங்கலாமா?

வாங்கலாம். தளப் பெயரின் கடைசியில் வரும் .இலங்கை என்ற மேல்நிலைப் பெயர் 2010இலிருந்து இருக்கிறது. சில இடங்களில் கவனம் வேண்டும். "ஔவை" என்று ஔகாரத்தில் எழுதினாலும், ஒகரமும் ளகரமும் போட்டு "ஒளவை" என்று எழுதினாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றேதான். மோசடிக்காரனுக்கு அது போதும். இந்த மாதிரி விஷயங்களைத் தமிழ் எழுதத் தெரிந்தவர்தான் ஐகேன் குழுக்களில் சொல்ல முடியும். மனித உரிமைகளை மதிப்பதை ஐகேன் 2016இல் தன் துணைவிதிகளிலேயே சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டம் உதவுமா?

ஓரளவுக்கு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகளின் அமுலாக்கம் தள்ளிப் போனது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி எனக்குப் பயம் இருக்கிறது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவின் கையில் போகிறது. நான் அதிகம் நம்புவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை. தமிழில் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் பிரதேச செயலகப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை எந்தெந்த மொழியில், எந்த வழியில் அனுப்பப்படுகிறது என்று கேட்டு எழுதுங்கள். நல்ல தொடக்கம்.

எனக்கு ஆங்கிலம் வராது, பொறியியலும் தெரியாது. நான் எப்படிச் சேர்வது?

ஐஈடிஎஃப்புக்கு உறுப்பினர் கட்டணம் இல்லை. அஞ்சல் பட்டியலில் யாரும் சேரலாம். வருஷத்துக்கு மூன்று கூட்டம், இணையம் வழியாகக் கலந்துகொள்ளலாம், காசில்லாதவர்களுக்குக் கட்டண விலக்கும் உண்டு. வாக்கெடுப்பு கிடையாது. ஆட்சேபம் நியாயமாக இருந்தால் பதில் சொல்லித்தான் நகர வேண்டும். பேச்சு முழுக்க ஆங்கிலம். அது பெரிய மதில்தான், சின்னது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எங்கள் வகுப்பில் மூன்று பேராகச் சேர்கிறோம். ஒருவர் பிரச்சினையைத் தமிழில் எழுதுவார், ஒருவர் ஆங்கிலமாக்குவார், ஒருவர் தொழில்நுட்பச் சொற்களைச் சரிபார்ப்பார். இன்டர்நெட் சொசைட்டியின் இலங்கைக் கிளையும் இருக்கிறது. அங்கே தமிழில் கேள்வி கேட்டுத் தொடங்கலாம்.

பொறியியலாளருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். அந்தப் படிவம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பது.

அடுத்த வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் வீட்டில் யாரையாவது ஏற்க மறுத்த ஒரு படிவத்தின் படம். அடையாள அட்டை இலக்கத்தை விரலால் மறைத்துவிட்டு எடுங்கள். அப்புறம், எந்தக் கட்டம், என்ன எழுதினீர்கள், திரையில் என்ன வந்தது, அதனால் எத்தனை நாள் வேலை போனது என்று நான்கு வரி. சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறோம். முதலில் அந்தத் தங்கச்சியின் அம்மாவுடைய விலாசக் கட்டத்தை எடுக்கிறோம். கடிதம் பாதி எழுதியாகிவிட்டது.